ரிப்பன் வெட்டிய பக்கம்

வந்திருந்தவர்கள்: கவுன்சிலர் மதியழகன், உதவிப் பொறியாளர் சத்யபிரியா, பூ விற்கும் கருப்பம்மாள், அவரோடு சந்தையில் உட்காரும் பெண்கள் பதினோரு பேர், டீக்கடை முனீர், வடை வந்த பிறகு வந்தவர்கள் நால்வர். பதிவேட்டில் எழுத நான். மில்லில் நைட் ஷிப்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவனுக்கு வார்டு ஆபீசில் கிடைத்த வேலை இது.

சந்தை வாசலில் நடந்தது பகுதி சபைக் கூட்டம். வார்டுக்கு என்ன வேண்டும் என்று மக்கள் வந்து சொல்லலாம். சொன்னதை எழுதி வைக்க வேண்டும். முந்தைய மூன்று கூட்டங்களிலும் மக்களுக்குக் குறை எதுவும் இல்லை என்று நானே எழுதியிருக்கிறேன். மக்கள் யாரும் வராததை அப்படித்தான் எழுதச் சொன்னார்கள்.

இந்த முறை வந்தார்கள். காரணம், செம்பட்டி ரோட்டில் சந்தையை ஒட்டிப் புதிதாகக் கட்டிய பெண்கள் கழிப்பறை. டைல்ஸ் பளபளக்கிறது. குழாயில் தண்ணீர்கூட வருகிறது. திறந்து நாற்பது நாளாகியும் ஒரு பெண் உள்ளே போகவில்லை. கதவு ரோட்டைப் பார்த்து இருக்கிறது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் முனீர் கடை பெஞ்சு. அதில் எந்நேரமும் பத்து ஆண்கள் இருப்பார்கள். டீ குடித்து முடித்து ஒரு மணி நேரம் ஆனவர்களும் அதில் அடக்கம்.

ஆத்தூர்ப் பக்கத்து மல்லிகை விடிகாலையில் வந்து இறங்கும்போது கருப்பம்மாள் உட்கார்ந்தால், வீட்டுக்குப் போகப் பகல் பதினொரு மணியாகும். அதுவரை அடக்கிக்கொண்டிருப்பார். அடக்க முடியவேண்டும் என்பதற்காகத் தண்ணீரே குடிப்பதில்லை. இரண்டு தடவை நீர்க்கடுப்பு வந்து படுத்தாயிற்று. இன்னொரு தடவை வந்தால் கிட்னிக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒன்று அவர் சந்தையை விட வேண்டும், இல்லையென்றால் கதவு திரும்ப வேண்டும்.

"கதவப் பின்னாடி வைங்க தம்பி. அங்கிட்டு குடோன் செவுரு இருக்கு. ஒருத்தன் கண்ணும் படாது" என்றார்.

"இப்ப மட்டும் யாரு பாக்குறா அக்கா?" என்றார் மதியழகன். "அவனவன் சோலியப் பாக்கவே நேரமில்ல."

கருப்பம்மாள் முனீர் பக்கம் திரும்பினார். "பாய், ஒங்க பெஞ்சுல இருக்குறவுக என்னத்தப் பாக்குறாக?"

முனீர் தலையைச் சொறிந்தார். "பெஞ்சத் திருப்பிப் போட்டேன்க்கா. செத்த நேரத்துல அவனுகளே பழையபடி போட்டுட்டானுக. பஸ் வர்றது தெரியலையாம்."

"சரி, யாரும் பாக்கலேன்னே வச்சுக்குவோம்." கருப்பம்மாள் எழுந்து நின்றார். "தம்பி, நீங்க ஒரு எட்டு உள்ள போயிட்டு வாங்க. நாங்க பன்னெண்டு பேரும் பாய் கடையில இருக்கோம். எங்க சோலியத்தான் பாப்போம்."

"அது லேடீஸ் டாய்லெட்டுக்கா."

"இன்னைய வரைக்கும் லேடீஸ் யாரும் போகலையே. நீங்க போனா ஒண்ணும் தப்பில்ல."

வடைக்கு வந்த நால்வர்தான் முதலில் சிரித்தார்கள். மதியழகனுக்கு ரோசம் வந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். பெண்கள் முனீர் கடையில் இருந்தவர்களை எழுப்பிவிட்டுப் பெஞ்சை நிறைத்து உட்கார்ந்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் பின்னால் நின்றார்கள். மதியழகன் கதவுக்கு நாலடியில் இருக்கும்போது, "தம்பி, தாப்பாள நல்லாப் போட்டுக்கங்க" என்று ஒரு குரல் வந்தது. அந்த நேரம் பார்த்துப் பஸ் ஒன்று வந்து நின்றது. ஜன்னலுக்கு ஒரு முகம். மதியழகன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்து, "ம், ம்" என்றபடியே திரும்பி வந்துவிட்டார். போனில் யார் என்று நாங்கள் கேட்கவில்லை.

மறுபடி எல்லோரும் உட்கார்ந்ததும், "நீங்க சொல்றது நியாயந்தான்க்கா" என்றார். "ஆனா கதவ மாத்தணும்னா பிளான மாத்தணும். மேல அனுப்பி ஒப்புதல் வாங்க ஒரு வருசம் ஆயிரும்."

ஒரு வருடம் கருப்பம்மாளிடம் இல்லை.

அதுவரை வாய் திறக்காத சத்யபிரியா பைக்குள்ளிருந்து வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகாதவர். கவுன்சிலரைப் பகைத்துக்கொண்டால் எந்த மூலைக்கு மாற்றுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"பிளான்ல கதவு பின்னாடிதான் சார் இருக்கு."

மதியழகன் குனிந்து பார்த்தார்.

"ரிப்பன் வெட்டுறது ரோட்டுல இருந்து பாத்தா தெரியணும், போட்டோ நல்லா வரணும்னு முன்னாடி வைக்கச் சொன்னீங்க. நானும் தலையாட்டிட்டேன். அது என் தப்புதான். பிளான்ல உள்ளபடி கட்டுறதுக்கு யார்கிட்டயும் போக வேண்டியதில்ல சார். நானே செய்யலாம்."

மதியழகன் என்னைப் பார்த்தார். "ஏப்பா, இதெல்லாம் எழுதுறியா?"

"ஆமா சார்."

"ரிப்பன எழுதாத."

ரிப்பனை விட்டுவிட்டு மற்றதை எழுதினேன். தீர்மானத்துக்கு அவர் கையெழுத்து வேண்டுமே.

பேனாவை எடுத்தவர் பாதியில் நிறுத்தினார். "அப்ப என் பேரு போட்ட கல்வெட்டு?"

"அது ரோட்டப் பாத்தே இருக்கட்டும் தம்பி" என்றார் கருப்பம்மாள். "பஸ்ல போறவுக படிப்பாக."

கையெழுத்து விழுந்தது.

அடுத்த தெருவில் சாக்கடை கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரையே சத்யபிரியா கூட்டி வந்தார். ஆறு நாளில் முன்பக்கத்தை அடைத்து, பின்பக்கம் கதவு வைத்தாயிற்று. திறப்பு விழா இல்லை. குடோன் சுவருக்கும் கழிப்பறைக்கும் நடுவே போட்டோகிராபர் நிற்க இடம் போதாது. கல்வெட்டுக்குப் பக்கத்தில் இப்போது வெறும் சுவர். பார்க்கிறவர்கள் இது என்ன கட்டடம் என்று முனீரிடம் கேட்கிறார்கள். அவர் ஒரு டீ ஆர்டர் வாங்கிக்கொண்டுதான் சொல்கிறார்.

வேலை முடிந்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனேன். கருப்பம்மாள் பூக்கூடையைப் பக்கத்துப் பெண்ணிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எழுந்தார். "என்னப்பா, இதையும் எழுதப் போறியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கட்டடத்தைச் சுற்றிப் பின்னால் போனார். பெஞ்சிலிருந்த பத்துப் பேரும் பஸ்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோட்டோரம் நின்ற எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.