மடமா, கோட்டையா

எங்கள் எஸிஹா ஊரில் அமாதோரைத் தெரியாதவர்கள் இல்லை. சுற்றுலா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய கல்யாண நாளுக்கு மகள் நியெவெஸ் ஒரு பரிசு கொடுத்தாள். அம்மாவும் அப்பாவும் பழங்கால ஓட்டல் ஒன்றில் இரண்டு ராத்திரி தங்கலாம். கன்னியாஸ்திரிகளின் பழைய மடமா, மலைமேல் இருக்கும் கோட்டையா என்பதை மட்டும் அவர்களே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இரண்டு வாசலிலும் அமாதோர் எத்தனையோ கூட்டத்தை இறக்கிவிட்டிருக்கிறார். பெட்டிகளை இறக்கிக் கொடுத்துவிட்டு டிரைவர்கள் தங்கும் மலிவு விடுதிக்குப் போய்விடுவார். ஒருநாளும் மாடி ஏறிப் பார்த்ததில்லை.

"கோட்டை வேண்டாம். கடைசி வளைவுல பஸ் திரும்பாது" என்றார்.

"சரி, மடம்?" என்று கேட்டாள் அவர் மனைவி ரெமே.

"அது இன்னும் மோசம். பஸ்ஸோட பக்கக் கண்ணாடியை மடக்கிட்டுத்தான் சந்துல நுழையணும்."

"அட மனுஷா, நாம போறது நம்ம ஓட்டைக் கார்ல. கூட அம்பது பேரை ஏத்திக்கிட்டா வரப்போற?"

ரெமேவுக்கு மடத்தின் மேல்தான் ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் போய்ப் பார்த்தார்கள். முற்றம் முழுக்க ஆரஞ்சு மரங்கள் பூத்திருந்தன. நடுவில் ஒரு நீரூற்று. "இதுதான். வேற பேச்சே இல்ல" என்றாள் ரெமே.

வரவேற்பில் இருந்த பெண் ஓர் அறையைத் திறந்து காட்டினாள். இந்தச் சுவரோரம் ஒரு ஒடுக்கமான கட்டில், எதிர்ச் சுவரோரம் இன்னொன்று.

"ரெண்டையும் சேத்துப் போட முடியுமாம்மா?" என்று கேட்டாள் ரெமே.

"முடியாதுங்க. ரெண்டுமே கல்லுல கட்டினது. எல்லா ரூமும் இப்படித்தான்."

ரெமே ஒன்றில் உட்கார்ந்தாள். அமாதோர் எதிரே இருந்ததில் உட்கார்ந்தார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எழுந்திரு. கோட்டைக்கே போவோம்" என்றாள் ரெமே.

"முற்றம் உனக்கு அவ்வளவு பிடிச்சிருந்துச்சே?"

"நீ பாதி நாள் ஊர் ஊரா தூங்கினே. நான் வீட்டுல தனியாக் கிடந்தேன். என் பொண்ணு ரெண்டு ராத்திரி குடுத்திருக்கா. அதையும் சுவத்துக்கு ஒருத்தரா படுத்துக் கழிக்கவா?"

அமாதோர் எழுந்தார். முற்றத்தைக் கடக்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தெருவில் கைகோத்து நடக்கிற ஆளே இல்லை அவர்.

அடுத்த வாரம் கோட்டைக்குப் போனார்கள். காரை நிறுத்திய கையோடு இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு அவர் சமையல்கட்டுப் பக்கம் நடந்தார்.

"எங்க போற?"

"காபி குடிக்க..." என்றவர் பாதியில் நின்றுவிட்டார். டிரைவர்களுக்குக் காபி கிடைப்பது அங்கேதான். முகம் சிவந்துவிட்டது.

"இந்தப் பக்கம் வா, கண்ணு" என்று ரெமே அவரை முன்வாசல் வழியாக அழைத்துப் போனாள்.

உள்ளே ஒரு கிழட்டுப் பரிசாரகர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். "டேய் அமாதோர்! கூட்டம் எங்கடா?"

"இதோ, இவதான்."

"ஒரே ஆளா?"

"ஆளு ஒண்ணுதான். சத்தம் அம்பது பேருக்கு வரும்."

ரெமே கைப்பையால் அவர் முதுகில் ஒன்று போட்டாள்.

அறையில் அகலமான கட்டில். ஜன்னலுக்குக் கீழே கண்ணுக்கு எட்டும்வரை ஆலிவ் தோப்பு. அமாதோர் காலணிகூடக் கழற்றாமல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"யாராவது வந்து, நீ யாருன்னு கேட்டுடுவாங்களோன்னு இருக்கு, ரெமே."

"கேட்டா நான் சொல்லிக்கறேன்" என்றபடி அவள் குனிந்து அவர் காலணியின் கயிற்றை அவிழ்த்தாள்.

மதியம் படுத்தவர்கள்தான். மகள் போன் செய்தபோது தோப்பின் மேல் வெயில் சாய்ந்திருந்தது.

"அம்மா, கோபுரத்துல ஏறினீங்களா? அரபுக்காரங்க காலத்துக் கிணறு பாத்தீங்களா?"

"இன்னும் இல்லடி."

"அப்ப இவ்வளவு நேரம் என்னதான் பண்ணீங்க?"

ரெமே குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்கப்பா தூங்குறாரு. என் கை அவருக்கு அடியில மாட்டியிருக்கு. கிணறு எங்கயும் ஓடிடாது, போனை வை."