பதினோரு நிமிடம் மூத்தவர்

மனநல மருத்துவமனையின் எழுத்தர், அட்டையிலிருந்த புகைப்படத்தையும் எதிரில் நின்றவரையும் மூன்றாவது முறையாக மாறி மாறிப் பார்த்தார்.

"இறந்தது நீங்கதானே?"

"எங்க அண்ணன் சார். நாங்க ரெட்டைப் பிள்ளைங்க."

"முதல்லயே சொல்லக்கூடாதா? உங்க பேரையில்ல இறந்தவர் கட்டத்துல எழுதிட்டேன். அடிச்சு எழுதினா மேலே கேள்வி கேப்பாங்க."

"அதுக்காக நான் என்ன சார் பண்ணட்டும்?"

எழுத்தர் யோசித்தார். யோசித்த விதம் எதிரில் நின்ற தம்பிக்கு, லிஃப்ட் மெக்கானிக்குக்கு, பிடிக்கவில்லை.

விடியற்காலையில் அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று தகவல் வந்ததும், கிரீஸ் படிந்த சட்டையோடு புறப்பட்டு வந்திருந்தார். நடைவழியில் அவரைக் கண்ட நர்ஸ் அலறி மாத்திரைத் தட்டைக் கீழே போட்டாள். குனிந்து பொறுக்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

அண்ணன் பதினோரு நிமிடம் மூத்தவர். இருபத்திரண்டு வயதில் அவருக்கு மட்டும் குரல்கள் கேட்கத் தொடங்கின. மனச்சிதைவு என்றார்கள். தம்பிக்கு இன்றுவரை எதுவும் கேட்டதில்லை. மனைவி கூப்பிடுவதுகூடக் கேட்பதில்லை என்பது வீட்டுப் புகார்.

இந்த வித்தியாசத்தைத்தான் மரபணு ஆராய்ச்சி செய்யும் ஆய்வாளர் அம்மா ஒருவர் பன்னிரண்டு வருடமாகத் துரத்திக்கொண்டிருந்தார். ஆண்டுக்கொருமுறை இருவரிடமும் ரத்தம் எடுப்பார். அதை வைத்து நகல் மனிதர்கள் செய்கிறார்கள் என்பது அண்ணனின் கட்சி. "இதோ, ஒண்ணு செஞ்சும் முடிச்சுட்டாங்க" என்று தம்பியைக் காட்டுவார்.

ஆய்வாளர் வேகமாக வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தார். "பன்னிரண்டு மணிக்குள்ள மூளையை எடுத்தாகணும். அண்ணன் சம்மதம் எழுதிக் கொடுத்திருக்கார். நீங்களும் கையெழுத்துப் போடணும்."

"வேண்டாம்மா. இத்தனை வருஷம் கண்ட குரலும் அவன் தலைக்குள்ள குடியிருந்துச்சு. இப்பதான் காலி பண்ணியிருக்கு. நீங்க வேற நுழையணுமா?"

ஆய்வாளர் அவருடைய கிரீஸ் சட்டையைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஒரே வரைபடம், ரெண்டு லிஃப்ட். ஒண்ணு ஒழுங்கா ஓடுது, இன்னொண்ணு பாதி மாடியில நிக்குது. வரைபடத்தைப் பார்த்தா காரணம் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? எந்த சுவிட்ச் அணைஞ்சிருக்குன்னு பெட்டியைத் திறந்துதான் பார்க்கணும்."

"அதேதான். ஜீன் உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். அதுமேல ஒட்டிக்கிற சில ரசாயன அடையாளங்கள் ஒரு ஜீனை அடக்கும், இன்னொண்ணை எழுப்பும். அந்த அடையாளங்கள் உங்க ரெண்டு பேருக்கும் சில இடத்துல வேற. ஆனா ரத்தத்துல இருக்கிற மாதிரியே மூளையிலயும் இருக்கும்னு சொல்ல முடியாது."

"அதனாலதான் அவனுக்கு நோய் வந்துச்சா?"

"தெரியல. நோயாலயே மாறியிருக்கலாம். மாத்திரையால, சிகரெட்டாலகூட இருக்கலாம்."

"பன்னிரண்டு வருஷம் ரத்தம் எடுத்துட்டு 'தெரியல'யா? நான் இப்படிச் சொன்னா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"என்னையும் அனுப்பத்தான் பார்க்கிறாங்க."

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றுபோனது.

"பிறக்கும்போது நான் அரைக்கிலோ கூட. அம்மா வயித்துல அவன் பங்கையும் நானே தின்னுட்டேனோ?"

இந்த முறை ஆய்வாளர் 'தெரியல' என்று சொல்லவில்லை. கோப்பைத் திறந்து, ஆய்வில் சேர்ந்தபோது அண்ணன் கொடுத்த சம்மதப் படிவத்தை நீட்டினார். 'வேறு ஏதேனும்' என்ற வரியில் அண்ணனின் சாய்ந்த எழுத்து:

'தம்பிக்கு ஊசி என்றால் பயம். வெளியே சொல்லமாட்டான். மெல்லிய ஊசியாகப் பார்த்துப் போடவும். எனக்கு எதுவானாலும் சரி.'

"அதனாலதான் உங்களுக்கு மட்டும் குழந்தைங்க ஊசி" என்றார் ஆய்வாளர்.

மெக்கானிக் அதை இரண்டு தடவை படித்தார். சட்டை நுனியில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்ததில் கிரீஸ் ஒட்டி, எழுத்து இன்னும் மங்கியது.

"பேனா இருக்கா?"

கையெழுத்துப் போட்டுவிட்டு அண்ணனின் சாமான்களை எடுக்க வார்டுக்குப் போனார். மதியச் சாப்பாட்டு நேரம். நீண்ட மேசையில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கம்பளிக் குல்லாய் போட்ட கிழவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"எங்கய்யா சுத்திட்டு வரே? சாப்பாடு ஆறுது."

வார்டு ஊழியர் பதறிப்போய் வாயைத் திறந்தார். மெக்கானிக் கையமர்த்தினார். காலியாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கிழவர் தன் தட்டிலிருந்து பாதியை அவர் பக்கம் ஒதுக்கினார்.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றார் மெக்கானிக்.

"என்னிக்குத்தான் சரியா இருந்துச்சு?" என்று கிழவர் உப்புக் கிண்ணத்தை நகர்த்தினார்.