கோணல் பல்லின் தடம்

ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காலையில் லுவான் கழுத்துக் கயிற்றைக் கழற்றினான். அதில் கோத்திருந்த மோதிரத்தோடு அதை வெர்னனின் உள்ளங்கையில் வைத்தான். குடல்வால் அறுவைக்கு உடம்பில் பொட்டு உலோகம்கூட இருக்கக் கூடாதாம்.

“அஞ்சு நாள்தான், மிஸ்டர் வெர்ன். பத்திரம்,” என்றான்.

ஒன்பது வருடங்களில் அந்தக் கயிறு அவன் கழுத்தை விட்டு இறங்கி வெர்னன் பார்த்ததேயில்லை.

லிங்கன் நகரத்து ஓ தெருவில் வெர்னனுக்குச் சின்னதாக ஒரு நகைக்கடை. வியட்நாமிலிருந்து படகேறித் தப்பி, முகாமில் ஒரு வருடம் கிடந்து, தேவாலயத்துக்காரர்கள் தயவில் நெப்ராஸ்காவின் பனிக்குள் வந்து இறங்கியிருந்தான் லுவான். கடைக்கு வந்த முதல் நாள் அவனுக்கு இங்கிலீஷில் பத்து வார்த்தை தெரிந்திருந்தால் அதிகம். ஊதுகுழலைக் காட்டினார் வெர்னன். அரை மணி நேரத்தில் மயிரிழைக் கம்பியில் ஒரு சங்கிலி பின்னி நீட்டினான் அவன். “இவரை வெளியே விட்டீங்கன்னா நான் உங்களோட பேச மாட்டேன்,” என்று சொல்லி நாற்காலி போட்டவள் வெர்னனின் மனைவி ஐரீன்.

அவள் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. அதற்குப் பிறகு வெர்னனுக்கு வாய்த்த பேச்செல்லாம் அந்தப் பட்டறை மேசையில்தான். காலை ஒன்பது மணிக்கு உள்ளே நுழையும்போதே, “சாப்பிட்டாச்சா?” என்று கேட்பான் லுவான். அவர்கள் ஊரில் வணக்கத்துக்குப் பதில் அதுதான். ஆரம்பத்தில் அது புரியாமல், என்னென்ன சாப்பிட்டார் என்று வெர்னன் பட்டியல் போட்டதுண்டு. மத்தியானம் லுவானின் டப்பா திறந்தால் மீன் சாறு வாடை கடை முழுக்கப் பரவும்.

“உன் சாப்பாட்டுக்கு என் வைரமெல்லாம் கறுத்துடும்ப்பா.”

“உங்க ரொட்டிக்கு வாடையே இல்ல. அந்தப் பொறாமை உங்களுக்கு.”

லுவானின் மனைவியைப் பற்றி வெர்னன் ஒரே ஒரு தரம் கேட்டிருக்கிறார். பெயர் சென் என்றான். “அவ வேற படகு,” என்றான். அதற்கு மேல் கேட்க வெர்னனுக்கு வாய் வரவில்லை. குளிரில்லாத சான் ஹோசேயில் இருக்கும் அவன் சித்தப்பா மகன் வருடா வருடம் கூப்பிடுகிறான், அங்கே தெரு முழுக்க நம் ஆட்கள் என்கிறான், ஆனாலும் லுவான் போகவில்லை. அது ஏன் என்றும் வெர்னன் கேட்கவில்லை. கேட்டு, அவன் யோசிக்க ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது?

அந்த ஐந்து நாளும் கடை ஓவென்று கிடந்தது. நான்காம் நாள் வெர்னன் பெட்டகத்திலிருந்து மோதிரத்தை எடுத்துப் பார்த்தார். சொக்கத்தங்கம். ஒட்டோ இணைப்போ இல்லாத வெற்று வளையம். ஒரு பக்கம் மட்டும் சிறிய நெளிசல். வியர்வையும் அழுக்கும் ஏறி மங்கியிருந்தது. நண்பன் வரும்போது புதிது போல ஜொலிக்க வேண்டும் என்று தோன்றியது. நாற்பது வருடப் பழக்கத்தில் கை தானாகவே மெருகுச் சக்கரத்தின் விசையைத் தட்டியது. மெத்தென்ற தங்கம், இரண்டே நிமிடத்தில் நெளிசல் காணாமல் போனது. பழைய கயிற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, நல்ல சங்கிலி ஒன்றில் கோத்து, நீல வெல்வெட் பெட்டியில் வைத்தார்.

மறுநாள் லுவான் வயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்தான். பெட்டியைத் திறந்தான். மோதிரத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய், ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான். திரும்ப ஒரு சுற்று.

“இங்க ஒண்ணு இருந்துச்சே?”

“அந்த நெளிசலா? எடுத்துட்டேன். தடமே தெரியாது பாரு,” என்றார் வெர்னன், பெருமையாக.

லுவான் உட்கார்ந்தான். பிறகு, யாருடைய கல்யாணத்தையோ சொல்வதுபோல் சொன்னான். அந்த மோதிரம் அவனே செய்து சென்னுக்குப் போட்டது. விரலில் போட்ட மறு நொடி அவள் அதைக் கழற்றி, அத்தனை சொந்தக்காரர்கள் முன்னாலும் நறுக்கென்று கடித்துப் பார்த்தாளாம். தட்டான் வீட்டுக்கு வாக்கப்படுறேன், சோதிக்காம இருப்பேனா என்றாளாம். மாமியார் உட்பட எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். வேறு வேறு படகில் பிரியும்போது, அவசரத்துக்கு விற்றுக்கொள் என்று அதையே அவன் கையில் திணித்திருக்கிறாள். பட்டினி கிடந்தபோதும் அவன் விற்கவில்லை.

“போட்டோ எல்லாம் கடல்ல போச்சு. அவளோடதுன்னு இருந்தது அந்தக் கடி மட்டுந்தான்,” என்றான்.

வெர்னன் தன் விரலைப் பார்த்தார். அவருடைய கல்யாண மோதிரமும் ஒரு பக்கம் நசுங்கித்தான் இருந்தது. ஐரீன் ஒரு சண்டையில் கார்க் கதவை அறைந்து சாத்தியதில் வந்தது. ஊரார் மோதிரத்துக்கெல்லாம் மெருகு போடுகிறவர், அதை மட்டும் சக்கரத்தில் வைத்ததேயில்லை. அந்தப் புத்தி நேற்று எங்கே போயிற்று?

லுவான் மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் வந்தவன் தன் இடுக்கிகளையும் சின்னச் சுத்தியலையும் துணியில் சுற்றத் தொடங்கினான். சனிக்கிழமை பஸ், சான் ஹோசேக்கு.

வெர்னனுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. மெருகு இயந்திரத்துக்குப் பின்னால் போய்த் தூசிப் பையை அவிழ்த்துக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். சக்கரத்தில் உதிரும் தங்கமெல்லாம் அதில்தான் சேரும். வருடத்துக்கு ஒருமுறை உருக்கிப் பிரிக்க அனுப்புவார்.

“அது இதுக்குள்ளதான் இருக்கு, லுவான். எடுத்துட்டுப் போ.”

லுவான் சாம்பல் நிறப் பஞ்சைக் கிளறிப் பார்த்தான். லேசாகச் சிரித்தான். “இதுல அவ மட்டுமா இருக்கா? ஊர்ல பாதிப் பேரு இருக்காங்க.” பையை மூடி அவர் பக்கமே தள்ளினான். “நேத்து நானே கடிச்சுப் பாத்தேன் மிஸ்டர் வெர்ன். தடம் விழுந்துச்சு. ஆனா என் பல்லு நேர் பல்லு. அவளுது மேல ஒண்ணு கோணல்.”

“என் மேல கோவமா?”

“கோவம் இருந்திருந்தா அன்னைக்கே போயிருப்பேன்.” சுத்தியலைத் துணிக்குள் செருகினான். “காணாமப் போனவங்களைத் தேடித் தர்றவங்ககிட்ட இந்தக் கடை விலாசத்தைத்தான் எழுதிக் குடுத்திருக்கேன். அவ வந்தா இங்கதான் வரணும். அதுக்காகத்தான் இந்தக் குளிர்ல கெடந்தேன். இனிமே முடியலை.”

அவன் இங்கேயே இருந்ததை வெர்னன் இத்தனை நாள் தனக்காக என்று எண்ணியிருந்தார். “விலாசத்தை மாத்திடப் போறியா?” என்றார்.

லுவான் துணிச் சுருளை எடுத்துக்கொண்டான். வாசல்வரை போய் நின்றான்.

“மாத்தல. நீங்க இருக்கீங்கல்ல?”

சனிக்கிழமை பஸ் போயிற்று. மேசையின் மறுபக்கம் நாற்காலி அப்படியே கிடந்தது. மத்தியான வாடையும் இல்லை. வசந்தத்தில் தங்கம் உருக்குகிறவன் வந்து கேட்டபோது, இந்த வருடம் தூசி சேரவில்லை என்று வெர்னன் பொய் சொல்லி அனுப்பிவிட்டார். பை பெட்டகத்துக்குள் இருக்கிறது. தபால்காரர் வரும் இரண்டு மணிக்கு மட்டும் அவர் எங்கும் நகர்வதில்லை.

ஒரு நாள் கதவு மணி அடித்தது. நாற்பது வயதிருக்கும், கறுத்த முடி, லுவானின் ஊர்ச் சாயல் முகம். குளிருக்குக் கோட்டை இறுக்கிப் பிடித்தபடி தயங்கி நின்றாள். வெர்னன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். என்ன சொல்லி வரவேற்பது என்று தெரியாமல், தெரிந்த ஒன்றைக் கேட்டார்.

“சாப்பிட்டாச்சா?”

அவள் திகைத்து, பிறகு வாய் நிறையச் சிரித்தாள். பற்கள் வரிசையாக, நேராக இருந்தன.

கைக்கடிகாரத்துக்கு பேட்டரி போட வந்திருந்தாள்.