திறப்பு இறக்காமத்தில்

"பிஸ்மி சொல்லி இன்னும் ஒருக்காத் தள்ளுங்க!" என்று பக்கீர் முகைதீன் குரல் கொடுத்தார். சாறனை மடித்துக் கட்டிய ஐந்தாறு ஆண்கள் சிவப்புக் காரின் மூக்கில் கையை ஊன்றித் தள்ளினார்கள். கார் ஒரு விரற்கடை பின்வாங்கி, மறுபடி பழைய இடத்துக்கே வந்து நின்றது. கைப்பிரேக் இழுத்திருந்தது, கியர் விழுந்திருந்தது, இரண்டு கதவுகளும் பூட்டியிருந்தன. அந்த வீட்டில் அதை அவிழ்த்துவிடத் தெரிந்த ஒரே மனிதன் நிப்றாஸ், நடு அறையில், முகத்தை மட்டும் வெளியே விட்டு வெள்ளைத் துணியின் கீழ் கிடந்தான்.

அவன் மனைவி பஹ்மிதா ஜன்னல் சீலையை ஒரு கண் அளவுக்கு விலக்கிப் பார்த்தாள். கல்முனைக்குடியில் கடலுக்குப் போகும் ஒழுங்கையில் அவளுடைய வீடு. கேற்றுக்கும் வாசலுக்கும் நடுவே இருந்தது கார் நிற்கும் கொட்டகை மட்டுமே. வேறு வழி இல்லை. காலையில் ஆஸ்பத்திரியில் மரணத்தை உறுதி செய்து திருப்பிக் கொண்டுவந்தபோது, நான்கு பேர் போர்வையோடு சரித்துத் தூக்கி, காருக்கும் சுவருக்கும் இடையில் புகுந்து அவனை உள்ளே சேர்த்துவிட்டார்கள். ஆனால் மையித்து வைத்துச் சுமக்கும் சந்தூக்கைச் சரிக்க முடியுமா? மனிதனை எப்படியும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம். மையித்துக்குத்தான் நேரான வழி வேண்டும்.

"கண்ணாடிய உடைப்பம் காக்கா" என்றான் ஒருவன்.

"உடைச்சா? ஸ்டியரிங் பூட்டிக் கிடக்கே. வயல் உழுற லேண்ட்மாஸ்டரக் கொண்டு வாங்கடா. சங்கிலி போட்டு ஒரே இழுவை."

"பம்பர் புடுங்கிக்கிட்டு வந்திடும்."

"மௌத்தானவனுக்கு என்னத்துக்குடா பம்பர்?"

பக்கீர் முகைதீன் நிப்றாஸின் மூத்த சகோதரர். கல் நெஞ்சுக்காரர் அல்லர். விடியற்காலையில் மாவடிப்பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வந்தவர்தான். ஆனால் தம்பியின் சாவுக்கு அந்தக் காரே காரணம் என்று வழியிலேயே முடிவெடுத்துக்கொண்டு வந்திருந்தார். துக்கத்துக்கு ஒரு குற்றவாளி கிடைத்துவிட்டால் அதைச் சுமப்பது எளிது.

"மச்சான், அதத் தொட வேணாம்."

சொன்னவள் யார் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பஹ்மிதாவே திகைத்துப் போனாள். இருபது வருடமாக அந்தக் காரைச் சபித்தவள் அவள். வெள்ளிக்கிழமை காலைகளைத் தின்றது அது. பெருநாள் பின்னேரங்களைத் தின்றது அது. அதற்கு ஒரு கீறல் விழக்கூடாது என்று இப்போது தன் வாயிலிருந்தே வந்த சொல்லை எங்கே வைத்துப் பார்ப்பது என்று அவளுக்கு விளங்கவில்லை.

நேற்று மாலை இதே கொட்டகையில்தான் நிப்றாஸின் கார்ச் சிநேகிதர்கள் கூடியிருந்தார்கள். அக்கரைப்பற்றிலிருந்து இருவர், சம்மாந்துறையிலிருந்து மூவர், இறக்காமத்திலிருந்து றிஷாட். எல்லோரிடமும் அதே இனத்துப் பழைய கார். இரண்டு கதவு, தாழ்ந்த வயிறு, பின்னால் ஒரு சிறகு. நாட்டுக்குள் வாகனமே வரக்கூடாது என்று அரசு ஐந்து வருடம் கதவை அடைத்து வைத்திருந்தபோது, திறக்கட்டும், திறக்கட்டும் என்று பொறுத்திருந்தவர்கள். இங்கே கதவு திறந்தது. அங்கே ஜப்பானில் கம்பனி கதவை மூடிவிட்டது. இனிமேல் அந்த மாடலைச் செய்யப்போவதில்லை. கடைசிக் கார் ஆலையைவிட்டு வெளியேறிவிட்டது. அதன் இடத்தில் ஓசையில்லாத, உயரமான, யாரும் திரும்பிப் பார்க்காத ஏதோ ஒன்று வரப்போகிறது.

நிப்றாஸ்தான் அந்த விளையாட்டைத் தொடங்கினான். தபாற்கந்தோரில் பகல் முழுக்க வாய் திறக்காமல் முத்திரை குத்துகிறவன், இவர்கள் நடுவில் வேறு மனிதன். 'ஜனாஸா அறிவித்தல்' என்று தலைப்பிட்டு, பள்ளிவாசல் ஒலிபெருக்கியின் நடையிலேயே, அந்த மாடல் காலமாகிவிட்டதாக அவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். துக்கம் மூன்று நாள் என்றான். மூன்று நாளைக்கு ஒருவரும் எஞ்சினைத் தட்டக்கூடாது. கார்ச் சாவிகளை, அந்தத் திறப்புகளை எல்லாம் வாங்கி ஒரு பொலித்தீன் சிலிங் பையில் போட்டு றிஷாட்டிடம் ஒப்படைத்தார்கள். கார்களை அக்கம்பக்கத்து வளவுகளில் நிறுத்திவிட்டு, பஸ்ஸிலும் ஆட்டோவிலும் சிரித்துக்கொண்டே வீடு போனார்கள்.

பஹ்மிதா சீலைக்குப் பின்னால் நின்று தேத்தண்ணி நீட்டினாள். "ஆம்புளைகளுக்கு விசரு" என்று மகள் றிபாவிடம் முணுமுணுத்தாள். எல்லோரும் போன பிறகு நிப்றாஸ் கொட்டகையில் தனியாக நின்றுகொண்டிருந்தான். "இனி அது வராது புள்ள" என்றான். கண் கலங்கியிருந்தது. அது காருக்கான கண்ணீரா? நெஞ்சு அப்போதே வலிக்கத் தொடங்கியிருந்ததா? விளையாட்டா, வினையா? அவள் கேட்கவில்லை. சுபஹுத் தொழுகைக்கு எழுப்பப் போனபோது கேட்பதற்கு ஆள் இல்லை.

"உம்மா, றிஷாட் மாமாக்கு எடுக்கட்டா?" மகள் றிபா போனோடு வந்தாள். பதினேழு வயது, அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"எடு. ஸ்பீக்கரில போடு."

றிபா வாப்பா மௌத்தாகிவிட்டதைச் சொல்லி முடிக்குமுன், மறுமுனையில் வயல்வெளிக் காற்றோடு ஒரு பெருஞ்சிரிப்பு எழுந்தது.

"இன்னாலில்லாஹி! எஞ்சின் மௌத்தா, ஆள் மௌத்தா? ஒரு ராவு பொறுக்க ஏலாமப் போய்த்தே ஒங்கட வாப்பாக்கு! திறப்பத் தரமாட்டன் எண்டு சொல்லு மகள். மூணு நாள் எண்டா மூணு நாள்தான்."

"இல்ல மாமா, உண்மையா…"

"பொம்புளப் புள்ளயையும் கள்ளத்துக்குப் பழக்கிட்டான் பாரன். போன வாப்பாட்டக் குடு, நான் கதைக்கன்."

றிபா போனை உம்மாவிடமும் கொடுக்காமல், தன் காதிலும் வைக்காமல், வெள்ளைத் துணி கிடந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு துண்டித்தாள்.

குழுவிலும் அதே கதைதான். றிபா போட்ட அறிவித்தலின் கீழே சிரிப்பு முகங்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. 'மையித்துக்கு எத்தின சிலிண்டர்?' என்று கேட்டிருந்தான் சம்மாந்துறைக்காரன் ஒருவன். அவர்கள் மீது என்ன பிழை? நேற்று அவன் எழுதிய அதே தலைப்பு, அதே நடை. தன் மரணத்தை யாரும் நம்பாதபடி தானே ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருந்தான் நிப்றாஸ்.

"ளுஹர்த் தொழுகையோட எடுக்கணும்" என்றார் பக்கீர் முகைதீன், வாசற்படியில் நின்று. "மையித்தப் பிந்த வைக்கப்படாது. அந்தக் கூட்டம் வந்தா என்ன, வராட்டி என்ன?"

பஹ்மிதாவுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அவன் சிரித்துப் பேசிய மனிதர்கள் அவர்கள் மட்டுமே. அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவனை மண்ணுக்குள் வைத்துவிட்டால், அந்தச் சிரிப்பு கடைசிவரை இந்த வீட்டுக்குள் கேட்கும்.

இந்த வீடு. பெண்ணைப் பெற்றவன் வீடு கட்டிக் கொடுத்தே தீரவேண்டும் என்று எந்த வேதம் சொன்னது? எந்த நபி சொன்னார்? யாரும் சொல்லவில்லை, ஆயினும் கரையோரத்து வாப்பாமார் வயலை விற்று, வளவை விற்று, முதுகெலும்பை விற்றுச் சுவர் எழுப்புகிறார்கள். அந்தச் சுவருக்குள் மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து இறங்குகிறான். பெண்ணின் தகப்பனை ஒடித்த வழக்கம் அந்த மாப்பிள்ளையையும் சும்மா விடுவதில்லை. சாகும்வரை மனைவி வீட்டு விருந்தாளியாகவே அவனை இருக்க வைக்கிறது. கதவுக்கு நிறம் பூச அவளிடம் கேட்க வேண்டும். முற்றத்தில் மரம் நட மாமியிடம் கேட்க வேண்டும். "இந்த வளவுக்குள்ள என்ட பேரில இரிக்கிறது இது மட்டுந்தான்" என்று ஒருநாள் காரைத் தட்டிச் சிரித்தான் நிப்றாஸ். அவளும் சிரித்தாள். இப்போது யோசித்தால், அது சிரிக்க வேண்டிய இடந்தானா என்று தெரியவில்லை.

அவள் மகளின் கையிலிருந்து போனை வாங்கி, குரல் பதியும் பொத்தானை அழுத்தினாள்.

"றிஷாட் தம்பி, நான் பஹ்மிதா. றிபாட உம்மா. அவர் சுபஹுக்கு மௌத்தாகிட்டார். விளையாட்டு இல்ல. கார் வழிய மறிச்சிக்கிட்டு நிக்கிது. திறப்பக் கொண்டு வாங்க. எல்லாரையும் வரச் சொல்லுங்க. நீங்க வந்த பொறகுதான் எடுப்பம்."

விரலை எடுத்தாள். குரல் குழுவுக்குப் போய்விட்டது.

"என்ன வேல பார்த்த மச்சி?" பக்கீர் முகைதீனின் முகம் கறுத்தது. "வெள்ள உடுத்து அறைக்குள்ள இத்தாவில குந்த வேண்டிய பொம்புள, அந்நிய ஆம்புளைகளுக்கு வொய்ஸ் போடுறதா? ஊர் என்ன கதைக்கும்?"

"ஊர் கதைக்கட்டும் மச்சான். அவர் போறதுக்கு வழி வேணும்."

"வழிக்கு லேண்ட்மாஸ்டர் வருது."

"இது என்ட வீடு" என்றாள் பஹ்மிதா. எந்தச் சொல் நிப்றாஸை இத்தனை வருடம் விருந்தாளியாக வைத்திருந்ததோ, அதே சொல்லை அவனுக்காக எடுத்து வீசவேண்டியிருந்தது. "என்ட வளவுக்குள்ள லேண்ட்மாஸ்டர் வரப்படாது."

பெண்கள் ஓதுவதை நிறுத்தினார்கள். யாசீன் கிதாபுகளுக்கு மேலாகக் கண்கள் உயர்ந்தன. பக்கீர் முகைதீன் வெளியே போய், சங்கிலியோடு வந்தவனைத் திருப்பி அனுப்பினார்.

குழுவில் சிரிப்பு நின்றது. ஒவ்வொரு முகமாக அழிக்கப்பட்டது.

குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்தி முடித்தார்கள். ளுஹர் பாங்கு ஒலித்து, தொழுகையும் முடிந்தது. வெயில் கொட்டகைக் கூரைத் தகரத்தில் படபடத்தது. பிறகு ஒழுங்கையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. றிஷாட்டின் காலில் வயற்சேறு காய்ந்திருந்தது. ஹாண்டிலில் அந்தச் சிலிங் பை. அவனுக்குப் பின்னால் ஆட்டோவிலும் பஸ்ஸிலுமாக மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். மூக்கும் முழியும் தெரியாமல் அவளுக்கு இதுவரை கைகளாகவே இருந்தவர்கள். சீலைக்கு அப்பாலிருந்து கோப்பை வாங்கிய கைகள். இப்போது முகங்களைப் பார்த்தாள். எல்லாம் சாதாரண முகங்கள். பயந்த பிள்ளைகளின் முகங்கள்.

றிஷாட் உள்ளே போய் முகம் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். "நான் சிரிச்சிட்டன் மாமி" என்றான், அங்கே இருந்த நிப்றாஸின் உம்மாவிடம். கிழவி அவன் தலையைத் தொட்டாள்; என்ன சொல்கிறான் என்று அவளுக்குப் புரியவில்லை.

பைக்குள் கையை விட்டுத் திறப்பைத் தேடி எடுத்தான். கதவு திறந்தது. சுற்றியிருந்தவர்கள் காதைப் பொத்தத் தயாரானார்கள். அந்தக் கார் உறுமினால் ஒழுங்கை முழுதும் அதிரும். றிஷாட் திறப்பைத் திருப்பி, ஸ்டியரிங்கை மட்டும் விடுவித்து, பிரேக்கை இறக்கி, கியரை எடுத்தான்.

"ஸ்டார்ட் பண்ணன்டா" என்றான் ஒருவன்.

"வேணாம். மூணு நாள் எண்டு சொன்னவர்."

அவர்கள் கையால் தள்ளிக் காரை ஒழுங்கையில் நிறுத்தினார்கள். கொட்டகை விரிந்தது. சந்தூக்கு நேராக வந்தது, நேராகப் போனது. கலிமாச் சத்தம் மையவாடிப் பக்கமாகத் தேய்ந்து மறைந்தது. பஹ்மிதா வெள்ளை உடுத்து அறைக்குள் உட்கார்ந்தாள். இருபது வருடம் அவனுடைய பாதி மனம் எங்கே இருந்தது? அந்தப் பாதியை ஜப்பானில் மூடினார்களா, இங்கே மூடினார்களா? அழுகை வரவில்லை. எதற்கு அழுவது என்று பிரித்தெடுக்கத் தெரியாமல் இருந்தாள்.

ஆண்கள் திரும்பி வந்தபோது ஒழுங்கையில் பக்கீர் முகைதீனின் குரல் கேட்டது.

"இந்தக் கார இப்பிடியே எங்கட உம்மாட வூட்ட கொண்டு போவம். மாவடிப்பள்ளில வளவு பெருசி. அவன்ட சாமான், அவன்ட வூட்ட இரிக்கட்டும்."

அவர் சொன்னது ஊர் நியாயம். ஒருவரும் மறுக்கவில்லை. றிஷாட் மட்டும் காரின் சிறகைப் பிடித்தபடி, அவளுடைய வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"றிபா, போய்ச் சொல்லு. உள்ளுக்கு விடச் சொல்லு."

"உள்ளுக்கா உம்மா?"

"ஓம்."

ஒழுங்கையிலிருந்து கொட்டகைக்கு ஏற்றம். தள்ளியவர்கள் மூச்சு வாங்கினார்கள். பக்கீர் முகைதீன் தொப்பியைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வந்து, அவரும் கை கொடுத்தார். காற்றுக்குக் கேற்றின் ஒரு பாதி மூடிக்கொள்ளப் பார்த்தது. பஹ்மிதா எழுந்து வந்து, ஆளைக் காட்டாமல் அதன் பின்னால் நின்று, கம்பியைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். சிவப்பு மூக்கு முதலில் வந்தது, பிறகு கதவு, பிறகு சிறகு, அதன் மேல் மையவாடி மண் அப்பிய கைகள். ஒரு முழத் தூரத்தில், டயரின் கீழ் மணல் நெரிகின்ற ஓசை மட்டும் கேட்க, அது அவளைக் கடந்து உள்ளே போனது.