வாரத்துக்கு நாலு இடம்

காகித ஆலையை மூடிய ஜூன் மாதம் ஆர்வின் டெஷ்ஷுக்கு ஐம்பத்தொன்பது வயது. முப்பத்தோரு வருஷம் ஒரே இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவர். அதன் இரைச்சலுக்குப் பாதிக் காதைக் கொடுத்துவிட்டு, எதிராளியின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகியிருந்தார்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வேலை போனவருக்கு இருபத்தாறு வாரம் உதவித்தொகை உண்டு. ஆனால் சும்மா வராது. ஞாயிறுதோறும் கணினியைத் திறந்தால் மாநில அரசு கேள்வி கேட்கும்: உடம்பு நன்றாக இருந்ததா, வந்த வேலையை வேண்டாம் என்றீர்களா, எங்காவது சம்பாதித்தீர்களா. போதாததற்கு, அந்த வாரம் வேலை கேட்ட நாலு இடங்களைப் பெயரோடு எழுத வேண்டும்.

அந்த ஊரில் இருந்ததே ஒரு தெருதான். இரும்புக் கடை, தீவனக் கடை, பாலாடைக்கட்டிப் பண்ணை, பெட்ரோல் பங்க் என்று எல்லாவற்றையும் ஆர்வின் கேட்டு முடித்துவிட்டார். எட்டாவது வாரம் பிணங்களை அடக்கத்துக்குத் தயார் செய்யும் நிலையத்துக்கே போனார். அதன் முதலாளி பள்ளிக்கூடத்துச் சிநேகிதர். ஆர்வினை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆள் எடுக்கலப்பா. படுக்கறதுன்னா இடம் இருக்கு."

ஒன்பதாவது வாரம் மூன்று இடம் தேறியது, நாலாவது கிடைக்கவில்லை. மனைவி லாவோன்தான் வழி சொன்னாள்.

"பெர்னடினோட பியூட்டி பார்லர்ல கேளேன். எப்படியும் இல்லேன்னுதான் சொல்லுவா. எழுதிக்கிட்டு வந்துடு."

தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு போய்க் கேட்டார். பெர்னடினுக்கு உதவியாக இருந்த பெண் போன வாரம்தான் பிரசவத்துக்குப் போயிருந்தாள். பெர்னடின் ஆர்வினின் உயரத்தைப் பார்த்தாள், மேல் அலமாரியைப் பார்த்தாள், திங்கட்கிழமை எட்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டாள்.

இல்லை என்ற பதிலைத்தான் ஆர்வின் எதிர்பார்த்துப் போயிருந்தார். வீட்டுக்கு வந்து, சத்தத்தை முழுக்கக் கூட்டிவைத்து உதவித்தொகை அலுவலகத்துக்குப் போன் போட்டார். ஐம்பது நிமிஷம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் கிடைத்தாள். முதல் ஆறு வாரமென்றால் தகுதிக்குக் குறைந்த வேலையைத் தள்ளலாம் என்றும், இப்போது தள்ளினால் பணம் நின்றுவிடும் என்றும் பொறுமையாக விளக்கினாள். தகுந்த காரணம் இருந்தால் மட்டும் விதிவிலக்கு.

"அது பொம்பளைங்க கடைம்மா. அது காரணம் ஆகாதா?"

"ஆகாது சார்."

திங்கட்கிழமை போனார். முடி கூட்டுவது, துண்டு மடிப்பது, போன் எடுப்பது, வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம். கடையின் ஒரு சுவரோரம் முடி உலர்த்தும் கூண்டுகள் நாலு. அவற்றுக்குள் தலையைக் கொடுத்து உட்கார்ந்த பெண்கள் ஒருவரிடம் ஒருவர் கத்துவார்கள். ஒருத்திக்கும் ஒன்றும் கேட்காது. ஆர்வினுக்கு மட்டும் எல்லாம் புரிந்தது. ஆலைக் குரலில் எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார்.

"ஹெல்கா, உன் மருமக மறுபடியும் வேலைய விட்டுட்டாளான்னு கேக்கறாங்க."

ஒரு மாதத்தில் அவர் வராத நாளில் யாரும் வருவதில்லை என்று ஆனது. ரகசியம் பேசுகிறவர்கள் மட்டும் வாயைப் பத்திரிகையால் மறைத்துக்கொண்டார்கள்.

வாராவாரம் சம்பளத்தையும் டிப்ஸையும் காசு பிசகாமல் அரசுக்குச் சொன்னார். அதற்கேற்ப உதவித்தொகையில் கொஞ்சம் குறைந்தது, முழுக்க நிற்கவில்லை. ஒரு நாள் ஹெல்கா டிப்ஸுக்குப் பதில் பீட்ரூட் ஊறுகாய் கொடுத்துவிட்டாள். ஆர்வின் மறுபடியும் போன் போட்டார். ஊறுகாய் வருமானமா என்று கேட்டதும் மறுமுனையில் அதே பெண் விதிகளைத் தேடிப் பார்த்தாள்.

"எவ்ளோ பெரிய பாட்டில் சார்?" என்றாள் அந்தப் பெண் கடைசியில்.

டிசம்பரில் உதவித்தொகையின் இருபத்தாறு வாரமும் தீர்ந்தன. பிப்ரவரியில் கிரெட்டா வாண்டஹை கூண்டுக்குள்ளிருந்து உதட்டை அசைத்தாள். நூலகத்தில் உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் இலவசமாக வரிப் படிவம் நிரப்பித் தரும் கிழவி அவள். உதவித்தொகை பற்றி அரசு அனுப்பிய தாள் வந்ததா என்றாள். அதுவும் வருமானம்தான், வரி உண்டு என்றாள். முதல் நாளே பத்து சதவீதம் பிடித்துக்கொள்ளச் சொல்லி டிக் போட்டாரா என்றும் கேட்டாள். பிடிக்கட்டுமா என்று கேட்டால் யார் சரி என்பார்கள்? அவர் போடவில்லை. கிரெட்டா விரலை மடக்கிக் கணக்குப் பார்த்து, சுமார் எழுநூறு டாலர் வரும் என்றாள்.

ஆர்வின் அந்தத் தொகையைத் திருப்பிச் சொன்னது கூண்டுக்குள் இருந்த நாலு பேருக்குமே கேட்டது.

"கத்தாத ஆர்வின்," என்றாள் கிரெட்டா. "வேலை போனவன்கிட்டயே வரி கேக்கறாங்களேன்னு நானும் நாப்பது வருஷமா கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். மாசாமாசம் கட்டலாம், எழுதித் தரேன்."

மாதம் அறுபது டாலரென்று முடிவாயிற்று. பிரசவத்துக்குப் போன பெண் இனி வரப்போவதில்லை என்று தெரிந்ததும் பெர்னடின் அவரை முழுநேர ஆளாக்கிக்கொண்டாள். அதுவரை பார்லர் வேலையைக் கேலி பேசிவந்த லாவோன் அதை நிறுத்தி, தனக்கும் ஒரு நேரம் ஒதுக்கித் தரச் சொன்னாள். மூன்று வாரம் காத்திருக்க வேண்டும் என்றார் ஆர்வின், நோட்டைப் புரட்டியபடி.

மறுவருஷம் கடைசித் தவணை கட்டிய வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் வறுத்த மீன் சாப்பிடப் போனார்கள். லாவோன் இரண்டாவது பீரும் கேட்டாள்.