முதுகுச் சூடு

லாக்பாவுக்குக் கட்டில் கொடுத்ததுதான் தப்பாகப் போயிற்று. மெத்தை, கம்பளி, தலையணை எல்லாம் அவனுக்கே அவனுக்கு. சின்ன வயதிலிருந்தே காட்மாண்டுக் கடைவாசல்களில் நாலு பயல்களோடும் ஒரு நாயோடும் ஒட்டிக்கொண்டு படுத்தவனுக்கு, இந்த விடுதியில் முதுகுப்பக்கம் வெறுமையாக இருந்தது. தூக்கமே பிடிக்கவில்லை. போதைக்காகப் பைக்குள் செருப்பு ஒட்டும் பசையை ஊற்றி மூக்கால் இழுக்கும் பழக்கத்தை விடத்தான் வந்திருக்கிறான். விட்டும்விட்டான். ஆனால் தூங்காதவன் என்றைக்காவது சுவரேறிக் குதித்து மறுபடியும் பையைத் தேடிப் போய்விடுவான் என்று எல்லோருக்கும் பயம். அவனுக்கும்தான்.

"ஏக்கமா இருக்கா?" என்று காலையில் இந்திரா அக்கா கேட்பாள். பேசிப் பேசியே தேற்றுவது அவள் வேலை. நல்லவள். ஏக்கம்தான், ஆனால் பசைக்கா, பயல்களுக்கா? இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தவை. பிரித்துப் பார்க்கப் போனால் மண்டை குழம்பியது. "தெரியலக்கா" என்பான்.

சனிக்கிழமை மற்றவர்களைப் பார்க்க அம்மாக்கள் வந்தார்கள். லாக்பாவைப் பார்க்க அந்த நாலு பயல்களில் ஒருவனான மங்கலே வந்தான், தண்ணீர் தொட்டுத் தலை வாரிக்கொண்டு. இன்னும் பசையை விடாதவர்களுக்கு உள்ளே இடமில்லை என்று காவலாளி கம்பிக் கதவைச் சாத்திவிட்டார்.

"என்னடா, கன்னத்துல சதை வச்சிடுச்சு! தினம் கல்யாணச் சாப்பாடா?"

"போடா. இன்னிக்கு இழுத்தியா நீ?"

"உன்னைப் பாக்கணுமேன்னு காலையிலேர்ந்து தொடல." மங்கலே ஸ்வெட்டரைக் கழற்றிக் கம்பி வழியாகத் திணித்தான். "வச்சுக்கோ. குளிரும் உனக்கு."

லாக்பா அதில் முகத்தைப் புதைத்தான். பசை, நாய், மங்கலே. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

இந்திரா அக்கா ஓடிவந்தாள். "குடுப்பா, துவைச்சுத் தர்றேன். அந்த வாசனை உனக்கு ஆகாது."

"எந்த வாசனைக்கா? நீங்களே மோந்து பாத்துப் பிரிச்சுச் சொல்லுங்க."

அக்கா வாங்கி மோந்து பார்த்தாள். மறுபடியும் மோந்தாள். திருப்பித் தரவில்லை.

லாக்பா கதவில் சாய்ந்து வெயிலில் உட்கார்ந்தான். அந்தப் பக்கம் மங்கலேயும் வழக்கம்போல முதுகைக் கொடுத்து உட்கார்ந்தான். கம்பிகளின் இடைவெளியில் மெல்லச் சூடு ஏறியது.

"வெளிய வந்துடாதடா" என்றான் மங்கலே. கொஞ்சம் பொறுத்து, "எப்படா வருவ?" என்றான்.

லாக்பாவுக்குக் கண் செருகியது. "அந்தப் பயலை விரட்டிடவாம்மா?" என்று காவலாளி கேட்டது எங்கோ தூரத்தில் விழுந்தது. அக்கா பதில் சொல்வதற்குள் தலை தொங்கிவிட்டது. வாய் பிளந்து தூங்கினான். முதுகு மட்டும் கம்பியை விட்டு நகரவில்லை.