கரிந்த தரை

அந்தப் பங்குனியில் மலைமேல் புல் ஆள் உயரத்துக்குக் காய்ந்து நின்றது. காற்று வீசினால் அதன் சரசரப்பு எங்கள் குடியிருப்பு வரை கேட்கும். மான்கள் பட்டப்பகலில் இறங்கி வந்து அடி அண்ணாமலைக் கடைகளுக்குப் பின்னால் நின்றன. நாய்கள் அவற்றைத் துரத்தவில்லை.

நாங்கள் இருளர். வனத்துறையோடு சேர்ந்து வனக்குழு வைத்திருந்தோம். கன்று நடுவதும் தீ அணைப்பதும் எங்கள் பொறுப்பு. தேனும் புளியும் சுள்ளியும் எங்களுக்கு. என் அண்ணன் ஆதிமூலம் குழுத் தலைவர். என் வீட்டுக்காரர் மாறன் தீக்காவலர்.

குழு தொடங்கியபோது எங்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு நிபந்தனை வைத்தோம். மலையே சாமி. அதன்மேல் செருப்புக் காலோடு ஏற மாட்டோம். தீ அணைக்க வந்திறங்கிய பூட்ஸ்கள் அடிவாரக் கொட்டகையிலேயே கிடந்தன. வனவர் பிரகாஷ் வற்புறுத்தவில்லை. தானும் ஜீப்பிலேயே பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் எங்களோடு ஏறுவார். அதனாலேயே அவரை எங்களுக்குப் பிடித்துப் போயிற்று.

பௌர்ணமிக்கு மறுநாள் மதியம் புகை தெரிந்தது. யார் ஏற்றிய கற்பூரமோ. பச்சைக் கிளைகளோடு எல்லோரும் ஏறினோம். அண்ணனோடும் பிரகாஷோடும் பெண்கள் நாங்கள் கீழ்ச்சரிவில் தீயை அடித்துக்கொண்டிருந்தோம். மாறன் மேலே போய், தீ தாண்டாதபடி புல்லை அறுத்துத் தடம் போட்டார். திடீரென்று தீ எங்களுக்கும் அவருக்கும் நடுவே பாய்ந்து சரிவைத் தின்றுவிட்டுப் பக்கவாட்டில் போனது. அவர் ஒரு பாறைமேல் ஏறிவிட்டார். பாறைக்குக் கீழே எல்லாம் கரி. மேலே இன்னும் எரியாத புல்.

என் போன் அடித்தது.

"ஒண்ணும் ஆவல செல்வி. தரை கொதிக்குது. கொஞ்சம் ஆறட்டும், வந்துட்றேன்."

அண்ணன் போனை வாங்கினார். "இன்னா மாப்ள, வருசா வருசம் திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிக்கிறவன்தானே நீ? ஓடியாயேன்."

"அங்க பத்தடி மச்சான், அந்தாண்ட காலை ஆத்திக்கப் பால் குழி இருக்கும். இங்க குழிக்கு நீ வந்து நிக்கிறியா?"

அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். எரிந்து முடிந்த இடத்துக்குத் தீ திரும்ப வராது. அந்தக் கரித்தரையைத் தாண்டிவிட்டால் போதும், அவர் பிழைத்துவிடுவார். ஆனால் அண்ணன் ஒரு காலை வைத்துப் பார்த்து உடனே இழுத்துக்கொண்டார். உள்ளங்கால் தோல் வழன்றிருந்தது. சாம்பலுக்கு அடியில் புல் வேர்கள் இன்னும் கனன்றுகொண்டிருந்தன.

பிரகாஷ் எங்கள் எல்லோருடைய கால்களையும் பார்த்தார். பிறகு தன் கால்களைப் பார்த்தார். கொட்டகையை நோக்கி இறங்கி ஓடினார்.

அப்போது காற்று நின்றது. மலை முழுக்க ஒரு சத்தமும் இல்லை. வியர்வை காய்ந்த என் கழுத்தின் வலப்பக்கம் மட்டும் சில்லென்றது. காற்று திசை மாறியிருந்தது. பக்கவாட்டில் போன தீ மேல்புல் வழியாகப் பாறையை நோக்கித் திரும்பியது.

"செல்வி, பிரகாஷ் சார் எங்க?" என்றார் மாறன் போனில்.

"வந்துட்டே இருக்காருயா. நீ குந்திக்கோ. துண்டை மூக்குல கட்டிக்கோ."

"கட்டிக்கினேன்."

அதற்குப் பிறகு இருமல்தான் கேட்டது. பாறையைப் புகை மூடிக்கொண்டது. பிறகு இருமலும் நின்றது. போனை நான் காதிலிருந்து எடுக்கவில்லை.

கீழே கற்களில் பூட்ஸ் மோதும் சத்தம் கேட்டது. இந்த மலைமேல் அதுவரை நான் கேட்காத சத்தம். பிரகாஷ் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கையில் இன்னொரு ஜோடியோடு மூச்சு வாங்க ஏறி வந்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. அவர் புகையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

மேல்புல் எரிந்து முடியும் வரை காத்திருந்தோம். பிறகு அவர் கையிலிருந்த ஜோடியை வாங்கி நான் போட்டுக்கொண்டேன். "வேணாம்மா" என்றார் அண்ணன். யாரிடம் சொன்னாரோ.

காலுக்குப் பெரிதாக இருந்தது. கரிமேல் நடந்து பாறைக்குப் போனேன். தரை இன்னும் கொதித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். எனக்குச் சுடவே இல்லை.